என் பாட்டுக்கு என் குரல்: கட்டிய ட்ராக்கைப் பிரித்து மேய்ந்த கதை

இதுவரை நான் வெளியிட்ட எல்லாமே கருவியிசை. கிக் என்கிற அடி ட்ரம், கீழ்ச்சுரங்களுக்கு பேஸ், மின்னால் ஒலி செய்கிற சின்த், எங்கேயாவது பிடித்து வந்த ஒரு சத்தத்தை வெட்டிப் போட்ட சாம்பிள், அவ்வளவுதான். இப்போது முடித்திருக்கும் அல்பத்தில்தான் முதல் தடவையாக என் குரல் வருகிறது, சொல் விளங்க, பாட்டு முழுக்க. கேட்ட ஆக்கள் எல்லாரும் முதலில் கேட்பது “என்ன மைக் பாவிச்சனி?” என்றுதான். மைக்கைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் இந்த வேலையில் அதற்குப் போன நேரம் சொற்பம். மிச்ச நேரமெல்லாம், குரல் இல்லாமலே நிறைவாக நின்ற ட்ராக்குகளிலிருந்து எதைக் கழற்றுவது, எதை விடுவது என்பதில்தான் போனது. வீட்டிலிருந்து தனியாக பீட் செய்கிற, இனிப் பாடவும் வேண்டும் என்று யோசிக்கிற ஆருக்காவது உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் நிலைமை. பத்து ட்ராக் ஏறத்தாழ முடிந்த நிலையில் கிடந்தன. பாடகர் இல்லாமல் இசை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, பாடகரின் இடத்தில் ஒரு சின்த்தைப் பாட வைப்போம். மெட்டை அதுதான் தூக்கிக்கொண்டு போகும், லீட் சின்த் என்பது அதைத்தான். அதற்குப் பின்னால் இரண்டு மூன்று பேட் சின்த், நீண்டு நிற்கிற பின்னணி ஒலிகள், அகலமாக விரிந்து கிடக்கும், வெறுமை தெரியக் கூடாதல்லவா. சொல் விளங்குவதற்கு மனிதக் குரலுக்கு 1000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையான பகுதி தேவை, என் லீட் சின்த் எல்லாம் சரியாக அதே இடத்தில்தான் குந்திக்கொண்டிருந்தது. அதற்கு மேல் குரலை வைத்தால் எப்படியிருக்கும்? கலியாண வீட்டு வீடியோவில் பின்னணிப் பாட்டுக்கு மேலே மாமா ஒருவர் கதைக்கிற மாதிரி இருந்தது. சத்தத்தைக் கூட்டினால் தனியாகத் துருத்தும், குறைத்தால் சின்த்துக்குள் தாழும். நடுவில் ஒரு சரியான அளவு இல்லவே இல்லை.

ஆகவே ஒவ்வொரு ட்ராக்கிலும் லீட் சின்த்தை முழுதாக நிறுத்திவிட்டுக் கேட்டேன். இது எழுதும்போது ஒரு வரி, செய்யும்போது மனம் கேட்காது, ஏனென்றால் அந்த சின்த் ஒலியைச் செய்வதற்கே நாள்கணக்காக மினக்கெட்டிருப்போம். அதை அழிக்கவில்லை, பாட்டின் இடைவெளிகளுக்குத் தள்ளினேன். ஒரு வரி பாடி முடித்து மூச்சு எடுக்கிற இடத்தில் சின்த் இரண்டு சுரம் சொல்லிவிட்டு ஒதுங்கும். கச்சேரியில் பாடகர் வரியை விட்டதும் வயலின் பிடித்துக்கொள்கிறதே, அந்த முறைதான், ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பேட்களில் இரண்டைத் தூக்கினேன். மிஞ்சிய ஒன்றின் நடுப்பகுதியை ஈக்யூவால் (அலைவரிசைகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற கருவி) 2000 ஹேர்ட்ஸை ஒட்டி 4 டெசிபெல் குறைத்தேன். அதற்கு மேல் ஒரு கொம்ப்ரெசர் (சத்தம் கூடினால் அமுக்குகிற கருவி), குரல் வரும்போது மட்டும் பேட்டை 2 டெசிபெல் அமுக்குகிற மாதிரி சைட்செயினில், அதாவது எப்போது அமுக்குவது என்று கொம்ப்ரெசருக்குச் சொல்கிற வழியில், குரலைக் கொடுத்து. கிக்குக்கு சைட்செயின் போட்டு பேட்டைப் பம்ப் பண்ண வைப்பது எங்கள் ஆக்களுக்கு நித்திரையிலும் தெரியும். அதையே குரலுக்குக் கொடுத்து, காதுக்குத் தெரியாத அளவில் வைத்தால் போதும்.

அடுத்தது சுருதி. கருவியிசையில் எந்தக் கட்டையில் கட்டுகிறோம் என்பதைப் பேஸ்தான் தீர்மானிக்கும். எந்தச் சுரத்தில் சப்-பேஸ் வயிற்றில் இடிக்கிறதோ அங்கே நிற்பாட்டிவிடுவோம். என் ட்ராக்குகளில் பாதி எஃப் மைனரில், அதாவது நாலு கட்டையில். கீபோர்டை வைத்துக்கொண்டு என் குரலை அளந்து பார்த்தால், கீழே ஏ2 வரை, 110 ஹேர்ட்ஸ், சுகமாகப் போகிறது, மேலே ஈ4, 330 ஹேர்ட்ஸ், அதைத் தாண்டினால் கத்தல்தான். ஒரு பாட்டின் மெட்டோ உச்சியில் ஜி4, 392 ஹேர்ட்ஸைத் தொடுகிறது. மூன்று அரைச்சுரம் இறக்கி இரண்டு கட்டைக்குக் கொண்டுவந்தால் உச்சி ஈ4 ஆகிவிடும், சரி. ஆனால் பேஸும் கூடவே இறங்குமே. எஃப்1 என்பது 43.7 ஹேர்ட்ஸ், டி1 என்பது 36.7. பெரிய சப்வூஃபர் இல்லாத எந்த ஸ்பீக்கரிலும் அந்த 36.7 ஹேர்ட்ஸ் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, ஓட்டோவில் பூட்டியிருக்கிற ஸ்பீக்கரில் பேஸ் இல்லாத பாட்டாகவே கேட்கும். பேஸ் லைனில் நீண்டு நிற்கிற சுரங்களை ஒரு ஸ்தாயி ஏற்றி 73 ஹேர்ட்ஸுக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் டிஸ்டோர்ஷன் பூசி, தாண்டிப் போகிற சுரங்களை மட்டும் கீழே விட்டேன். மிடியில், அதாவது சத்தமாக இல்லாமல் சுரக் குறிப்பாக, எழுதியவற்றைச் சுருதி மாற்றுவது ஒரு சொடுக்கு வேலை. ஓடியோவாகப் பதிந்து வைத்தவற்றை மாற்றினால் ஓரங்கள் பிசிறும், அவற்றைத் திரும்ப வாசித்துப் பதிவதுதான் நேர்மையான வழி.

இனி அறை. எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு, யாழ்ப்பாணத்தில் நல்லூருக்குக் கிட்ட. என் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, நாலு பக்கமும் சீமெந்துப் பூச்சுச் சுவர், கீழே சீமெந்துத் தரை. நடுவில் நின்று ஒரு கைதட்டு தட்டினால் “டிர்ர்ர்” என்று ஒரு வால் வரும், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் சத்தம் பந்தடிக்கிறது. அது மேல் அலைவரிசைத் தொல்லை, துணியால் கட்டுப்படும். துணிக்குக் கட்டுப்படாதது கீழ்ப் பகுதி. எங்கள் வெக்கையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர். பத்தடி என்பது 3.05 மீற்றர். அந்த இரண்டு சுவர்களுக்கு இடையில் 57 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் அலை நின்று வீங்கும், இரண்டாவது மடங்கு 114. என் குரலின் அடிச்சுரங்கள் இருக்கிற இடம் அதுவேதான். ஸ்பீக்கரில் சைன் அலையை 80 முதல் 200 ஹேர்ட்ஸ் வரை மெதுவாக ஓடவிட்டு அறைக்குள் நடந்து பார்த்தால், 114ஐ ஒட்டி அறையின் நடுவில் காதை அடைக்கிற அளவுக்கு ஏறுகிறது, சுவரிலிருந்து இரண்டரை அடியில் கிட்டத்தட்ட காணாமலே போகிறது. நடுவும் வேண்டாம், அந்தக் குழியும் வேண்டாம் என்று சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் தரையில் சோக்கட்டியால் ஒரு கோடு கீறி, பாடுவது அங்கேதான் என்று வைத்துக்கொண்டேன். காசு செலவில்லை. இதற்கு எத்தனை முட்டைத் தட்டு ஒட்டினாலும் பயன் வராது. 100 ஹேர்ட்ஸின் அலைநீளமே மூன்றரை மீற்றர், கடதாசித் தட்டு அதை எங்கே பிடிக்கப்போகிறது.

மேல் பகுதிக்கு தும்பு மெத்தை ஒன்றை நிமிர்த்தி வைத்தேன், அம்மாவின் சேலை அலுமாரியைத் திறந்து விட்டேன். இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. நிறையப் பேர் மைக்குக்குப் பின்னால் மெத்தை கட்டுவார்கள், பாடுகிறவர் வெறுஞ்சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கார்டியோயிட் மைக் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் கேட்கும். அதற்கு முன்னால் இருப்பது பாடுகிறவரின் முகமும், முகத்துக்குப் பின்னால் உள்ள சுவரும். ஆகவே மெத்தை பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் போக வேண்டும். நான் அலுமாரிக்கு முதுகைக் கொடுத்து, சேலைகளுக்குள் அரைவாசி புதைந்தபடி நின்றேன். அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “தம்பி, அலுமாரிக்க நிண்டு என்னடா புலம்புறாய்?” என்றா. பாட்டு என்று சொன்னேன். “ஓ” என்று ஒரு சத்தம் வந்தது, அதோடு கதவு சாத்தப்பட்டது.

சத்தம் என்றால் எங்கள் ஊரில் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. விடிய கோயில் ஒலிபெருக்கி. பிறகு பேத்தோவனின் மெட்டைப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற ஓட்டோ வரும், அது பின்னேரமும் வரும். பக்கத்து வளவில் கிணற்று மோட்டர். ஓட்டுக்கு மேலே அணில்கள் துரத்திப் பிடித்து விளையாடும், சீலிங் இல்லாத அறையில் அதெல்லாம் நேரே மைக்குக்குள்தான் விழும். இரவு அமைதியாக இருக்குமென்றுதான் எல்லாரும் நினைப்போம். ஆனால் இரவில் பூச்சிகள் கத்தும், அந்தக் கீச்சு 4000, 5000 ஹேர்ட்ஸ் பக்கம் விடாமல் நிற்கும். குரலின் தெளிவும் அந்தப் பக்கத்தில்தான் இருப்பதால் ஈக்யூவால் வெட்டினால் சொல்லும் சேர்ந்து போகும். கிணற்று மோட்டர் நின்றுவிடும், பூச்சி நிற்காது. கடைசியில் எனக்குச் சரிவந்தது மத்தியானம், ஊரே சாப்பிட்டுவிட்டுச் சாய்கிற நேரம். காகம்கூட அடங்கிவிடும். அதற்குக் கொடுக்கிற விலை வெக்கை. ஃபேனை நிறுத்த வேண்டும், யன்னலைச் சாத்த வேண்டும், பின்னால் சேலை அலுமாரி. சாறத்தோடு வெறும்மேலாகத்தான் அல்பம் முழுக்கப் பாடினேன், வியர்வை ஹெட்போன் பஞ்சுக்குள் ஊறிவிட்டது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் ரெக்கோர்டிங்கை நினைக்கவே இல்லை. அந்த நாள்களில் பதிந்ததை வெட்டித் திருத்துகிற வேலை மட்டும்.

மைக்குக்கு வருவோம். என்னிடம் இருந்தது ஒரு கொண்டென்சர் மைக், 48 வோல்ட் கொடுத்து ஓட்டுவது. நல்ல மைக்தான், ஸ்டூடியோவில் வைத்தால். என் அறையில் அது என் குரலோடு ஓட்டையும் அணிலையும் தெருவையும் சேர்த்துக் கேட்டது. சவுண்ட்ஸ் வைத்திருக்கிற மச்சான் ஒருவனிடமிருந்து ஷூர் எஸ்எம்58 ஒன்றை வாங்கி வந்தேன், மேடைகளில் 1966இலிருந்து எல்லாரும் வாயில் முட்டிக்கொண்டு பாடுகிற அதே சாமான், கம்பிவலை நெளிந்து கிடந்தது. இந்த மாதிரி, மின்சாரம் கொடுக்கத் தேவையில்லாத டைனமிக் மைக் வெளிச் சத்தத்தைக் கேட்காது என்று ஒரு கதை உலாவுகிறது, அது அப்படியில்லை. அதில் வாயைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாடலாம், காரியம் அவ்வளவுதான். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் கூடும். 20 சென்ரிமீற்றரிலிருந்து 5க்கு வந்தால் 12 டெசிபெல். அணில் இருந்த இடத்திலேயே இருக்கிறது, குரல் மட்டும் 12 டெசிபெல் மேலே வந்துவிட்டது, ஆகவே அணில் அமுங்குகிறது. கிட்ட வந்தால் கூடவே அடிக்குரல் தடிக்கும், கார்டியோயிட் மைக்குகளின் குணம் அது. அதைப் பிறகு 200 ஹேர்ட்ஸ் பக்கம் வழித்துவிடலாம். சொல்லின் தொடக்கத்தில் வருகிற “ப” மைக்கில் குண்டு போடும், அதற்கு எம்பிரொய்டரி வளையத்தில் பழைய ஸ்டொக்கிங்ஸை இழுத்துக் கட்டினேன். அதோடு மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்தேன். இரண்டில் பக்கவாட்டு வித்தைதான் கூட வேலை செய்தது.

இன்னொரு சின்னச் சங்கதி, இரைச்சல். லப்டொப்பை சார்ஜரில் போட்டபடி பதிந்தால் அடியில் ஓர் “ங்ங்ங்” கேட்டது, எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 50இலும் 100இலும் அதன் மடங்குகளிலும் வரும் அது. சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடவிட்டதும் நின்றது. 24 பிட்டில் பதிந்தேன், உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் (பூச்சியம்தான் பதிவு தாங்குகிற எல்லை). உச்சியை முட்ட வைத்துப் பதிய வேண்டும் என்ற அவசரம் 24 பிட்டில் தேவையே இல்லை.

பாடும்போது காதுக்கு வருகிற தாமதமும் முக்கியம். 48 கிலோஹேர்ட்ஸில் பஃபர், அதாவது கணினி ஒரு தடவையில் எடுத்துக் கையாளுகிற ஒலித்துண்டின் அளவு, 1024 என்றால் ஒரு வழிக்கு மட்டும் 21 மில்லிசெக்கன், போய் வருவதற்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். தன் குரல் தனக்கே பின்னால் வருவதைக் கேட்டுக்கொண்டு எந்த மனிதனாலும் தாளத்தில் நிற்க முடியாது. பஃபரை 128க்கு இறக்கினால் 2.7 மில்லிசெக்கன், ஆனால் என் லப்டொப் அதற்கு இருமத் தொடங்கியது. ட்ராக்கை ஒரே ஸ்டீரியோ ஃபைலாக இறக்கி, ஒலியை மாற்றுகிற எந்தப் பிளகினும் இல்லாத வெறும் ப்ரொஜெக்ட்டில் அதை வைத்துப் பாடிப் பதிந்தேன், பிறகு குரலைக் கொண்டுபோய் உரிய இடத்தில் ஒட்டினேன். ஹெட்போனில் ரிவேர்ப் (மண்டபத்தில் பாடுகிற மாதிரி எதிரொலிப்பு) போட்டுக்கொள்ளவில்லை. ரிவேர்ப் இருந்தால் பாட இனிமையாக இருக்கும், சுருதி சறுக்குவதும் தெரியாது. ஒரு காதை வெளியே விட்டுப் பாடியது எனக்கு உதவியது.

சரி, பாட்டு. பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் தேவாரம் பாடியதோடு என் பாட்டு வாழ்க்கை முடிந்திருந்தது. குரல் நல்லதா கெட்டதா என்ற விசாரணைக்குள் நான் போகவில்லை, அது கிடைத்த சாமான், அதை வைத்துத்தான் வேலை. தொடக்கத்தில் வோகோடருக்குள் ஒளித்துப் பார்த்தேன், எலக்ட்ரோனிக் ஆக்கள் எல்லாரும் முதலில் ஓடுகிற இடம் அது. பெல் லாப்ஸில் ஹோமர் டட்லி தொலைபேசிப் பேச்சைச் சுருக்கி அனுப்பச் செய்த கருவி, 1970களில் கிராஃப்ட்வேர்க் போன்றவர்கள் கையில் இசைக்கருவியாகிவிட்டது. குரலைப் பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் ஏற்ற இறக்கத்தையும் சின்த்தின் அதே பட்டைக்குக் கொடுக்கும். உயிரெழுத்துகள் அழகாக வரும். மெய்யெழுத்துகள், அதிலும் க, ச, த போன்றவை, கரைந்து போகும், இரைச்சலைத் தனியாகக் கலந்தால் கொஞ்சம் மீளும். என் பாட்டில் எல்லாம் “ஆ... ஓ... ஊ...” என்று ஆவி வந்த மாதிரி இருந்தது. ஒரு பாட்டில் பின்குரலாக மட்டும் விட்டுவைத்தேன். மற்றவற்றில் கழற்றிவிட்டேன், சொல் விளங்க வேண்டும் என்றால் அது உதவாது.

சொற்களை வைக்கும்போது எலக்ட்ரோனிக் மெட்டுகளின் ஒரு சிக்கல் தெரிந்தது. சின்த்துக்கு எழுதிய மெட்டில் சுரங்கள் எங்கே வேண்டுமானாலும் நீளும். தமிழில் குறிலை நீட்டினால் வேறு சொல்லாகிவிடும், அல்லது பொருளே இல்லாமல் போகும். ஆகவே நீண்ட சுரம் வருகிற இடமெல்லாம் நெடிலோ, ம், ன், ல் போல இழுக்கக்கூடிய மெய்யோ வருகிற மாதிரி வரிகளைத் திரும்பத் திரும்ப மாற்றினேன், சில இடங்களில் மெட்டையே குறுக்கினேன். சின்த்தில் நாலு பார் நீண்ட ஒரு சுரம், பாட்டில் இரண்டு சொல்லாக உடைந்து, மிச்சம் வெறும் இடமாக நிற்கிறது. அந்த வெறும் இடம் ட்ராக்குக்கு நன்மையே செய்தது.

உச்சரிப்பும் ஒரு முடிவு எடுக்க வேண்டிய விடயம். நாங்கள் வாய் திறந்து பாடினால் தன்பாட்டில் சினிமாப் பாட்டு உச்சரிப்பு வந்துவிடுகிறது, கேட்டு வளர்ந்தது அதுதானே. நான் கதைக்கிற மாதிரியே பாடுவது என்று வைத்துக்கொண்டேன். “காற்று” என்று பாடும்போது நுனிநாக்கு மேல் ஈறில் தட்டி நிற்கிற அந்த அழுத்தம், எங்கள் பக்கத்து “ற்ற”, மைக்கில் நுணுக்கமாக ஒரு தட்டாக விழுகிறது. கொம்ப்ரெசர் வேகமாகப் பிடித்தால் அந்தத் தட்டு மழுங்கும். அட்டாக்கை, அதாவது அது பிடிக்க எடுக்கிற நேரத்தை, 20, 30 மில்லிசெக்கனுக்குத் தளர்த்தி விட்டால் தட்டு தப்பித்துவிடும், பின்னால் வருகிற உயிர் மட்டும் அமுங்கும். ஒரு பாட்டில் ஹை-ஹட் என்கிற தாளத்தட்டை எடுத்துவிட்டு அந்த ற்ற விழுகிற இடங்களையே தாளமாக விட்டிருக்கிறேன். அல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது, வேறு ஆருக்காவது தெரிகிறதா என்பது வேறு கதை.

சுருதித் திருத்தம். ஆன்டி ஹில்டெப்ராண்ட் என்ற மனிதர், எண்ணெய் தேட நிலத்துக்குள் அனுப்பும் அதிர்வலைகளைக் கணக்குப் பார்த்து வந்தவர், அந்தக் கணக்கை வைத்துச் செய்ததுதான் 1997இல் வந்த ஓட்டோட்யூன். பியானோக் கட்டைகள் போலப் படிப்படியாகச் சுரம் போகிற பாட்டுக்கு அது சுகமாகப் பொருந்தும். கமகம் வருகிற இடத்தில் வேகமாக வைத்தால் வழுக்கிப் போக வேண்டிய குரல் படிக்கட்டில் இறங்கும். நான் கர்நாடக சங்கீதம் படித்தவன் இல்லை, இருந்தாலும் தேவாரம் பாடின தொண்டை, ஒரு சுரத்திலிருந்து மற்றதுக்கு நேரே குதிக்கத் தெரியாது. ஆகவே தானாக இழுக்கிற முறையை முழுதாக விட்டுவிட்டு, கைக்கொண்டு மட்டும் திருத்தினேன். நீண்டு நிற்கிற சுரங்களில் கீழே தொய்ந்தவற்றை மட்டும் கொஞ்சம் தூக்கினேன், வழுக்கல்களில் கை வைக்கவில்லை.

விண் பாட்டு என்று நான் சொல்கிற ஒன்றில் அதுவும் உதவவில்லை. தை மாதம் வடமராட்சிப் பக்கம் போனவர்களுக்கு விளங்கும், பட்டத்தின் தலையில் வில்லாக வளைத்துக் கட்டுகிற விண், காற்றில் நார் அதிர்ந்து இரவிரவாகக் கூவும். பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டப்போட்டி நடக்கிற நாள்களை ஒட்டி, கயிற்றை மரத்தில் கட்டி இரவில் விட்டிருந்த ஒரு பட்டத்தின் சத்தத்தைக் கைரெக்கோர்டரில் பதிந்து வந்தேன், அதுதான் அந்தப் பாட்டின் சுருதி. விண்ணுக்கு 440 ஹேர்ட்ஸ் என்கிற பொதுச் சுருதி அளவு தெரியாது. காற்று கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும், பாட்டுக்குள்ளேயே அரைச்சுரம் அளவுக்கு அலைகிறது. அதை நேராக்கிப் பார்த்தேன், உயிரே போய் ஃப்ரிட்ஜ் சத்தமாகிவிட்டது. அதனால் விண்ணை அப்படியே விட்டு, மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி, ஹெட்போனில் விண் மட்டும் கேட்க அதோடு பாடினேன். தம்புராவோடு பாடுவது போலத்தான், தம்புரா இடைக்கிடை நடக்கத் தொடங்கினால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். காது தானாகவே பின்னால் போகும், நம்ப முடியாத அளவுக்கு. பிறகு பேஸைத்தான் குரலுக்கும் விண்ணுக்கும் தோதாகப் பிட்ச்-பெண்ட் கோடு கீறி, ஒவ்வொரு சுரமாக வளைத்தேன். வேலையில் நீளமான பகுதி இதுதான். இந்தப் பாட்டில் பேஸைத் தவிர வேறு சின்த்தே இல்லை. இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன், நேர்ச் சுருதியில் நிற்கிற எதுவும் அதற்குள் நிற்க முடியவில்லை.

மிக்ஸிங்கில் புதிதாக ஒன்றும் இல்லை. குரலுக்கு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 250ஐ ஒட்டிக் கொஞ்சம் குறைப்பு, “ஸ்” சீறுகிற 7000 பக்கம் அதை அடக்குகிற டீ-எஸ்ஸர், மெதுவான கொம்ப்ரெசர் ஒன்றும் அதற்குப் பின்னால் இன்னொன்றும். குரலைத் தாமதித்துத் திரும்பச் சொல்கிற டிலேயை தாளத்தோடு கட்டினேன். 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 அடி) என்றால் ஒரு அடி 625 மில்லிசெக்கன், அதில் முக்கால் பங்கு 469, அது குரலின் வால் போலப் பொருந்தியது.

ஆனால் அளவு. கருவியிசை செய்கிற ஆள் தன் குரலைத் தானே மிக்ஸ் பண்ணினால் குரல் எப்போதும் தாழ்ந்துதான் இருக்கும், வெட்கம் ஒரு பக்கம், வரிகள் மனப்பாடமாக இருப்பதால் சொல் விளங்காததும் விளங்குகிற மாதிரிக் கேட்பது மறுபக்கம். கொழும்பில் மிக்ஸ் செய்கிற ஓர் அண்ணைக்கு அனுப்பினேன். “பாட்டு நல்லாக் கிடக்கு, ஆனா ஆர் பாடினதெண்டு ஒளிச்செல்லோ வச்சிருக்கிறாய்” என்றார். அதற்குப் பிறகு என் காதை நம்புவதை விட்டுவிட்டேன். தங்கச்சியிடம் ஃபோனைக் கொடுத்து, குசினியில் வைத்து, ஃபோன் ஸ்பீக்கரில் ஒரு தடவை மட்டும் போட்டு, கேட்கிற சொற்களைக் கொப்பியில் எழுதச் சொன்னேன். அவள் எழுதாமல் விட்ட இடங்களையும், எழுதியது வேறு சொல்லாக இருந்த இடங்களையும் குறித்துக்கொண்டேன். “பனங்கூடல்” என்று பாடிய இடத்தில் “பழம் பாடல்” என்று எழுதியிருந்தாள், “எனக்கு அப்பிடித்தான் கேக்குது, நீ போய் உன்ர பாட்டைத் திருத்து” என்றாள். அந்த இடங்களில் குரலைத் தொடாமல், அதே நேரத்தில் வேறு என்ன ஓடுகிறது என்று பார்த்தேன். ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஒரு ஸ்நேர் ட்ரம்மின் வாலோ, பேட்டின் மேல் சுரமோ, சின்த்தின் மிச்சமோ இருந்தது. அதை எடுத்ததும் சொல் வந்தது. சில இடங்களில் அதற்குப் பிறகுதான் குரலை 1 டெசிபெல் ஏற்றினேன், வேறு சில இடங்களில் குறைக்கவே முடிந்தது. இந்தக் கொப்பிச் சோதனையை ஆருக்கும் சொல்வேன், ஆனால் வரிகளை முதலே கேட்டிராத ஆளாக இருக்க வேண்டும், ஒரு பாட்டுக்கு ஓர் ஆளை ஒரு தடவைதான் பாவிக்கலாம். தங்கச்சி முடிந்த பிறகு மச்சான், அதற்குப் பிறகு ரியூஷனுக்கு வருகிற பெடியள் என்று ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

மேடைக்கு இதை எப்படிக் கொண்டுபோவது என்பது அடுத்த வேலை. சைட்செயின் எல்லாம் லப்டொப்பில் இருக்கிறது, மேடையில் பாடுகிறவருக்குக் கேட்க வைக்கிற மொனிட்டர் ஸ்பீக்கரின் சத்தம் மைக்குக்குள் வந்தால் பேட் எல்லாம் அதற்கும் அமுங்கத் தொடங்கும். காதுக்குள் வைக்கிற இன்-இயர் போட்டுப் பார்க்க வேண்டும்.

பத்தில் இரண்டு ட்ராக்கில் குரல் இல்லை. வரி எழுதியிருந்தேன், பாடியும் பதிந்தேன், ஆனால் குரலுக்கு இடம் விடுவதற்காக எதைக் கழற்றினாலும் அந்த ட்ராக்கே கையோடு வந்தது. ஒன்று முழுக்க ஒரே ஆர்ப்பெஜியோவின் (கூட்டுச்சுரத்தை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கிற ஓட்டம்) மேல் நிற்கிறது, அதைத் தொட்டால் மிஞ்சுவது கிக் மட்டும். மற்றதில் தவில் சாம்பிள் நடுப்பகுதி முழுவதையும் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதை அடக்கிவிட்டு அதற்கு மேல் நான் பாட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டும் பழையபடி கருவியிசையாகவே போகின்றன, பதிந்த குரல் டேக்குகள் ஹார்ட்டிஸ்க்கில் கிடக்கின்றன.